திருவல்லிக்கேணியில் ஒரு பெருநாள் கொள்முதல்

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருக்கும்போது அறுபத்தாறு வயதுக் கிழவி ஒருத்தி எதற்காகக் கீழக்கரையிலிருந்து சென்னைக்கு இரவு இரயில் ஏறவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மகனும் தொலைபேசியில் இதையேதான் கேட்டான். "உம்மா, என்ன வேணும்னு சொல்லுங்க. நான் இங்கிருந்தே போட்டுவிடறேன். மூணு நாள்ல வீட்டு வாசலுக்கு வந்துடும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. சென்ற ஆண்டு அவ்வாறுதான் செய்தோம். அதனால்தான் இந்த ஆண்டு நானே புறப்பட்டேன்.

சென்ற ஆண்டு நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். எனக்கு ஒரு லாத்தா இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. குளுக்கோமா என்னும் கண்நீர் அழுத்த நோயால் அவருடைய பார்வை சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிகின்றன. ஆனால் அவருடைய விரல்களுக்குத் தெரியாத துணி இல்லை. இளமையிலிருந்தே அவர் வீட்டில் உடுத்துவது மதுரைச் சுங்குடிச் சேலைதான். ஆகவே பெருநாளுக்கு ஒரு சுங்குடிச் சேலையைத் தொலைபேசி வழியாக வாங்கி, நேரே அவர் முகவரிக்கே அனுப்பச் செய்தான் என் மகன். சேலை வந்தது. லாத்தாவும் "நல்லா இருக்கு" என்று சொல்லி துஆச் செய்தார். ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் அவருடைய அலமாரியை நான் ஒழுங்கு செய்தபோது, அந்தச் சேலை அட்டையும் விலைச்சீட்டும் பிரிக்கப்படாமல் அடியில் கிடந்தது. "ஏன் லாத்தா?" என்றேன். "அது சுங்குடி இல்லடி. சுங்குடி மாதிரி அச்சடிச்சது. பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கான், சொன்னா மனசு கஷ்டப்படும்" என்றார். திருப்பி அனுப்புவதற்குரிய ஏழு நாட்கள் எப்போதோ கடந்துவிட்டிருந்தன.

இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்குச் சுங்குடியைப் பற்றி அறிமுகம் வேண்டியிருக்கலாம். மதுரையில் வாழும் சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. பருத்தித் துணியில் சிறுசிறு இடங்களைக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவர். காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வேண்டும். அதைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே போடுகின்றனர். 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும் இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றுள் பெரும்பகுதி, மெழுகு அச்சாலோ வெறும் அச்சாலோ புள்ளி வைக்கப்பட்டவையே. படத்தில் இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் அச்சுத் துணிதான் படத்தில் அழகாக இருக்கும். கையால் முடிந்த புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் துணி சற்றே சுருங்கி விரல் நுனிக்குத் தட்டுப்படும். பார்வை இழந்த ஒருவருக்கு அந்தச் சேலையின் அழகு முழுவதும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணுள்ள நாங்கள்தான் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

இரவு இரயிலில் புறப்பட்டு, சஹர் உணவை இருக்கையிலேயே உண்டு, காலையில் சென்னை வந்து சேர்ந்தேன். மகனின் வீடு திருவல்லிக்கேணியில், பெரிய பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் கைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. லாத்தாவுக்குச் சேலை, லாத்தாவுக்கே மணி சொல்லும் கடிகாரம், மச்சானுக்கு அத்தர், பேரப்பிள்ளைகளுக்கு ஏதேனும். கடிகாரத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். பார்வை மங்கியவர்களுக்கு மிகவும் தொல்லை தருவது நேரம் தெரியாமைதான். இரவில் விழித்துக்கொண்டால் தஹஜ்ஜத்துக்கு நேரமா, சஹருக்கு நேரமா என்று தெரியாமல் வீட்டிலுள்ளோரை எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்புவதற்கு லாத்தா கூச்சப்படுவார். பொத்தானை அழுத்தினால் வாய்விட்டு மணி சொல்லும் கடிகாரம் ஒன்று உண்டு என்று மருத்துவமனையில் யாரோ கூறியிருந்தார்கள்.

மறுநாள் முற்பகல் பர்மா பஜாருக்குச் சென்றேன். கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே, இராஜாஜி சாலையின் ஓரமாக நீண்டு செல்லும் அந்தக் கடை வரிசையைப் பார்த்திராத சென்னைவாசி இரார். அதன் பெயருக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1962இல் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர். அவ்வாறு வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969இல் உருவானதே இந்தச் சந்தை. வெளிநாட்டுப் பொருள்கள் கிடைப்பது அரிதாயிருந்த நாட்களில், கடிகாரம், ஒலிநாடாப் பெட்டி, வாசனைத் தைலம் என்று எதற்கும் இங்கேதான் வருவார்கள்.

எங்கள் ஊரில் எங்களுக்கு அந்தத் தேவை அவ்வளவாக இருந்ததில்லை. சபர் சென்ற ஆண்கள் கொண்டுவரும் பெட்டியே எங்களுக்குக் கடைவீதி. எங்கள் வாப்பா சிங்கப்பூரில் இருந்தார். வளையல் வேண்டுமென்றால், கையைக் குவித்து அதன்மேல் நூலைச் சுற்றி, அளவாக வெட்டி, கடிதத்துக்குள் வைத்து அனுப்புவோம். ஆளுக்கொரு நிறத்தில் நூல். லாத்தாவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து, கோடாலித் தைலத்தின் வாசனையோடு பெட்டி திறக்கப்படும். வளையல் சரியாகப் பொருந்தும். எண்ணிப் பார்த்தால் அதுவும் கண்ணால் காணாமல் வாங்கிய பொருள்தானே! பிற்காலத்தில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வி.பி.பி.யில் வரவழைத்து, தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டவர்களும் உங்களில் இருப்பீர்கள். ஆகவே, தொலைவிலிருந்து வாங்குவது இன்றைய பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்று நான் குறை கூறத் துணியமாட்டேன். பெங்களூரில் 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையை 2010இல் கொண்டுவந்த பிறகுதான் நம் வீடுகளுக்குள் இந்த வணிகம் துணிவோடு நுழைந்தது. 2013இல் அமேசானும் இந்தியாவுக்கு வந்தது. வி.பி.பி.யின் பேரப்பிள்ளை என்றே நான் அந்த முறையை நினைத்துக்கொள்வேன். வாப்பாவின் கையில் எங்கள் நூல் இருந்தது என்பதுதான் வேற்றுமை.

பர்மா பஜாரில் பதினோரு கடைகளில் கேட்டேன். பேசும் கடிகாரம் எவரிடமும் இல்லை. சுவர்க் கடிகாரம் காட்டினார்கள். பாங்கு சொல்லும் கடிகாரம் காட்டினார்கள். கைக்கடிகாரத்தில் நூறு வகை காட்டினார்கள். கடைசியில் நரைத்த தாடியுடன் ஒரு வியாபாரி, தம் கையிலிருந்த பொருள்களை எடுத்துக்காட்டாமலேயே, "அம்மா, அது எப்பவோ ஒருத்தர் கேட்பார். நாங்க வாங்கி வச்சா பேட்டரி தீர்ந்துபோய்க் கெட்டுப்போகும். இந்த வெயில்ல நோன்போட அலையாதீங்க. உங்க பிள்ளைகிட்ட சொல்லி ஃபோன்ல வாங்கிடுங்க" என்றார். தம் கடைக்குப் போட்டியான ஒன்றுக்குத் தாமே வழி சொன்னார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

அங்கிருந்து மின்சார இரயிலில் மாம்பலம். பெருநாளும் தீபாவளியும் நெருங்கும்போது ரங்கநாதன் தெருவில் நடப்பது என்பது, நடப்பது அன்று. கூட்டம் நம்மைக் கொண்டு செல்வது. முதியவர்களுக்கு ஒரு நற்செய்தி: மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராயநகர்ப் பேருந்து நிலையம் வரை ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுள்ள நடைமேம்பாலம் 2023இல் திறக்கப்பட்டிருக்கிறது. மின்தூக்கியும் உண்டு. நான் அதில்தான் சென்றேன். மேலிருந்து பார்க்கையில் தெரு முழுவதும் தலைகளால் பாவப்பட்டது போலிருந்தது.

பல மாடிக் கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். நான் வாய் திறந்ததுமே, "நீங்க எங்க ஊர்ப் பக்கமா பாட்டி?" என்றாள். பரமக்குடியாம். பதினைந்து சேலைகளைப் பிரித்துப் போட்டாள். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். அவள் முதலில் சிரித்தாள். காரணத்தைக் கூறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லக் குனிந்து, "பாட்டி, எல்லாம் அச்சுதான். முடிச்சுச் சுங்குடி எங்ககிட்ட வர்றதில்லை" என்றாள். பிரித்த பதினைந்தையும் அவளே மடிக்கவேண்டும். காலை ஒன்பதரைக்கு நின்றவள் இரவு பத்தரை வரை நிற்பாளாம். கடைப் பணியாளர்கள் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் செய்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் சேலைகள் அடுக்கப்பட்டிருந்தன.

நேரில் சென்று வாங்குவதன் பெருமையைப் பேசுவோர் அந்த முக்காலியையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் கருத்து. பெரிய கடையில் கிடைக்கும் மலிவு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. வாசலுக்கே பொருள் கொண்டுவரும் பிள்ளையைப் பற்றியும் கேட்பதில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அன்றிரவு இஃப்தாருக்குப் பின் மகனிடம் கடிகாரத்தைப் பற்றிக் கூறினேன். இரண்டு நிமிடத்தில் ஆறு வகைக் கடிகாரங்களைத் திரையில் காட்டினான். ஐந்நூற்று நாற்பது ரூபாய். அடியில் சிவப்பு எழுத்தில் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று மின்னியது. நான் பதறி, "சீக்கிரம் போடு" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "உம்மா, நேற்றும் இரண்டுதான் இருந்திருக்கும். நாளைக்கும் இரண்டுதான் இருக்கும்" என்றான். இப்படிப் பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், நாம் கேளாத பொருளைக் கூடையில் நுழைத்தல், கடைசிப் படியில் கட்டணத்தைக் கூட்டுதல் போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பரில் தடைசெய்திருக்கிறது என்றும் அவனே விளக்கினான். சேலை விஷயத்தையும் அப்போதுதான் முதன்முறையாக அவனிடம் கூறினேன். முகம் வாடிவிட்டது. பழைய பட்டியலைத் தேடி எடுத்தான். பெயரில் "சுங்குடி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, பலமுறை விரலால் தள்ளியபின் வரும் விவரத்தில், "அச்சு" என்றும் கலப்பு நூல் என்றும் இருந்தது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதும் நீங்கள் பலமுறை கேட்ட செய்தியே. அன்றிரவு எனக்கு அந்த நிகழ்ச்சிதான் நினைவில் நின்றது. திரைக்குள் கையை விட முடியவில்லையே!

ஆனால் கை விட முடியாதவர்களுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் பயன்படுத்தவில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. குறைகேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிசு பெற்றவர் குறை சொல்லக் கூசுவார் என்பதை மட்டும் எந்த விதியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே, வெளியூரில் இருப்பவருக்குப் பரிசு அனுப்புவோர், பொருளை முதலில் தம் வீட்டுக்கே வரவழைத்துப் பிரித்துப் பார்த்து, பின்னர்த் தம் கையால் அனுப்புவது நல்லது. இரண்டு நாள் தாமதமாகலாம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை, பாங்குக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் கதவு தட்டப்பட்டது. கடிகாரம் வந்துவிட்டது. கொண்டுவந்த பிள்ளையின் நெற்றியில் திருநீறு. முதுகில் அவர் உயரத்துக்கு ஒரு பை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி. பேத்தி ஓடிச்சென்று பேரீச்சம்பழமும் ஒரு குவளை நோன்புக் கஞ்சியும் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு, இன்னும் பத்தொன்பது வீடுகள் இருப்பதாகச் சொல்லிப் படியிறங்கினார். அவருக்கு எந்தச் சட்டத்தில் முக்காலி எழுதியிருக்கிறதோ!

கஞ்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய பள்ளிவாசல் என்று மக்கள் அழைக்கும் வாலாஜா பள்ளிவாசலுக்கு நீங்கள் ரமலானில் சென்றிருக்கிறீர்களா? ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795இல் மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டிய பள்ளி அது. கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்கள் அங்குதான் அடங்கியிருக்கிறார்கள். அங்கே மாலைதோறும் நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறுவோர், மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பல்லாண்டுகளாக இத்தொண்டு நடைபெறுகிறது. என் மகன் அங்கே நோன்பு திறந்துவிட்டு வந்து, தலைத்துணி கட்டிய தொண்டர்கள் வரிசை வரிசையாக வந்து பரிமாறும் பணிவை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்த்தவனைப்போல் வருணிப்பான்.

தராவீஹுக்குப் பிறகுதான் திருவல்லிக்கேணி விழித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையிலும், அதாவது இன்றைய காயிதே மில்லத் சாலையிலும், அதைச் சுற்றிய தெருக்களிலும் தள்ளுவண்டிகளின் விளக்குகள். வளையல், மருதாணிக் கூம்பு, தொப்பி, சேமியா, முந்திரி, குழந்தைகளுக்கான மினுமினுக்கும் காலணி. உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து விலை பேசுகின்றன. பேரப்பிள்ளைகளின் பட்டியல் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் மகிழ்ந்து, எதையும் இரண்டு நாளில் உடைத்துவிடுவார்கள்.

அத்தர்க் கடையில்தான் நேரம் ஆயிற்று. தோலாக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு தோலா என்பது 11.66 கிராம். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் தொட்டுவைத்து, "உடனே முகராதீங்க, ஒரு சுற்றுச் சுற்றிட்டு வாங்க" என்றார். முதல் மணம் வேறு, தோலோடு சேர்ந்து நிற்கும் மணம் வேறாம். இரண்டு கைகளிலும் நான்கு அத்தர்களோடு தெருவைச் சுற்றிவந்து, மச்சானுக்கு மல்லிகை வேண்டாம், சந்தனம் என்று முடிவு செய்தேன்.

சேலை கிடைத்த கடையை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பாரதி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பத்தடி அகலத்தில் இருந்தது. முதியவர் ஒருவர் பாயில் அமர்ந்திருந்தார். முடிச்சுச் சுங்குடி என்றதும், எழாமலேயே கையை நீட்டிப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். ஆறே ஆறு சேலைகள். முதல் சேலையில் விரலை ஓட்டினேன். சொரசொரவென்று புள்ளிகள் கையோடு பேசின. ஒன்று, உள்ளே நூல்முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது. "அதை அப்படியே வச்சிருங்க, அவிழ்த்துப் பார்த்தா அசல்னு தெரியும்" என்றார். ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். சென்ற ஆண்டின் சேலை எண்ணூற்று நாற்பத்தொன்பது. நூறு ரூபாய் குறைக்கக் கேட்டேன்; ஐம்பது குறைத்தார். ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருந்தது. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை என்பதை அவரிடம் சொல்ல நினைத்தேன். மணி பன்னிரண்டாகியிருந்தது, சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

அவிழ்க்காத முடிச்சுள்ள சேலையையே எடுத்துக்கொண்டேன்.

பெருநாளன்று தொழுகை முடிந்து லாத்தாவின் வீட்டுக்குச் சென்றோம். தொதல் துண்டுகள் தட்டில் வந்தன. சேலையை அவர் மடியில் வைத்தேன். ஓரத்தைப் பிடித்தார்; பின் விரல்கள் மெல்ல உள்ளே நகர்ந்தன. ஒரு புள்ளி, அடுத்த புள்ளி, அதற்கடுத்தது. எவரும் பேசவில்லை. நகம் அந்த அவிழாத முடிச்சில் பட்டதும் நின்றார். நெடுநேரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கஞ்சி அதிகம் போட்டிருக்கான்" என்றார். "ரெண்டு தண்ணி அலசணும். என்ன விலை கொடுத்தே?"

சொன்னேன். "ஏமாந்துட்டேடி" என்று சொல்லிவிட்டு, உள்ளே சென்று அதை உடுத்திக்கொண்டு வந்தார்.

என் மகன் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்துப் பொத்தானைக் காட்டினான். அழுத்தினார். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மணியைக் கூறியது. திடுக்கிட்டு, "யாருடா இவ?" என்றார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும். அன்று முழுவதும் அந்த வீட்டில் நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து, "இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க முடியாதா?" என்று கேட்டார். மகன் அப்போதே தொலைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கிவிட்டான்.